ஹேண்டில் என்னிடம் இருக்கிறது

ஆரம்பாக்கம்
12-8-2024

சின்னதுரைக்கு, கங்கம்மா எழுதுவது.

சுகமா என்று கேட்கவில்லை. உன்னோடு வாய் திறந்து பேசமாட்டேன் என்று ஆஸ்பத்திரி வாசலில் சத்தியம் பண்ணினேன். எழுதமாட்டேன் என்று பண்ணவில்லை, அதனால் எழுதுகிறேன். உனக்கும் காது போய்விட்டது, போனில் கத்தினாலும் கேட்காது என்று என் மகன் சொன்னான். நல்லதாய்ப் போயிற்று.

வெள்ளிக்கிழமை நானும் மருமகள் இளமதியும் கண் ஆஸ்பத்திரிக்குக் கும்மிடிப்பூண்டி போயிருந்தோம். திரும்பி வந்து பார்த்தால் கொட்டகை காலி. இருபத்தேழு வருஷமாய் நின்ற டிராக்டர் இல்லை. அது நின்ற இடத்தில் நாலு சக்கரத்தின் பள்ளமும் எட்டு முட்டையும்தான் கிடந்தன. சீட்டின் அடியில் முட்டை வைக்கிற கோழி, வீடு பறிபோனதுபோல் சுற்றிச் சுற்றி வந்தது.

மணிகண்டனைக் கேட்டேன். "சித்தப்பா கடைல வுட்டுக்கீறேன்மா. குட்டி யானை வண்டில ஏத்தினு போனேன். ரெடி பண்ணித் தர்றேன்னாரு" என்கிறான். எந்தச் சித்தப்பாடா என்றேன். "எனக்கு எத்தினி சித்தப்பா கீறாங்க" என்றான். முப்பத்தாறு வயதில் என்னிடம் அவன் பேசின பேச்சு இது. இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் உன்னிடம் வந்து போய்க்கொண்டிருக்கிறான் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

உன் அண்ணன் கையை வாங்கிய டிராக்டர் அது. அதைத் தொட உனக்கு எப்படிக் கை வந்தது? ஞாயிற்றுக்கிழமைக்குள் திருப்பி அனுப்பு.

ஒன்று தெரிந்துகொள். ஹேண்டில் என்னிடம் இருக்கிறது. அது இல்லாமல் நீ என்ன ரிப்பேர் பண்ணினாலும் டிராக்டர் ஸ்டார்ட் ஆகாது.

கங்கம்மா


கடம்பத்தூர்
18-8-2024

அண்ணிக்கு, சின்னதுரை வணக்கத்துடன் எழுதுவது.

உங்கள் எழுத்தை உறையின் மேல் பார்த்ததும் கடையைப் பாதி மூடிவிட்டு உள்ளே உட்கார்ந்து படித்தேன். திட்டுவதற்காக என்றாலும் என் பெயரை எழுதியிருக்கிறீர்கள்.

டிராக்டரை நான் கேட்கவில்லை. மணி கொண்டுவந்து இறக்கிவிட்டுத்தான் விஷயத்தைக் காகிதத்தில் எழுதிச் சொன்னான். மில்லில் காண்டிராக்ட் முடிந்து மூன்று மாதம் ஆயிற்று என்றான். நம் நிலத்தைச் சுற்றிக் கம்பெனிகள் சுவர் எழுப்பியதில் உள்ளே போக ஐந்தடிப் பாதைதான் மிச்சமாம். வாடகை டிராக்டர் எதுவும் அதில் நுழையாதாம். "மழைக்கு முன்னாடி உழுவலன்னா ஒரு வருசம் போச்சு சித்தப்பா. தரிசாக் கெடந்தா கம்பெனி ஆளு நெலத்தக் குடுன்னு தெனமும் வந்து ஊட்டு வாசல்ல குந்திக்குவான்" என்றான். அந்தப் பாதையில் நுழையக்கூடியது நம் குட்டி டிராக்டர் ஒன்றுதான். பழவேற்காடு பாய் மாந்தோப்பில் மரத்துக்கு மரம் நடுவே ஓட்ட வைத்திருந்த வண்டி. அண்ணனும் நானும் போய் வாங்கிவந்தது உங்களுக்கு நினைவிருக்கும்.

இப்போது அதன் நிலைமை மோசம். பிஸ்டன் அப்படியே இறுகிவிட்டது. ஏர் ஃபில்டரில் எலி குடும்பம் நடத்தியிருக்கிறது. தண்ணீர்த் தொட்டிக்குள் பாம்புச் சட்டை முழு நீளத்துக்குக் கிடந்தது. ஆனாலும் இரும்பு நல்ல இரும்பு, சரிப்படுத்திவிடலாம்.

வேண்டாம் என்றால் ஏற்றி அனுப்பிவிடுகிறேன். மணியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

சின்னதுரை


ஆரம்பாக்கம்
23-8-2024

சின்னதுரைக்கு,

மகன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லையாம். எனக்கும் இல்லை என்று தெரிந்துதானே எழுதியிருக்கிறாய்.

வேலை போனதிலிருந்து அவன் காலையில் ஆறு மணிக்கு எழுந்து, மில் சட்டையைப் போட்டுக்கொண்டு, கேட் வரைக்கும் போய் நின்றுவிட்டு வருகிறான். யாரிடமும் சொல்வதில்லை. நான் பார்த்துவிட்டேன் என்பது அவனுக்குத் தெரியாது. அதனால் டிராக்டரைத் திருப்பி அனுப்பு என்று இனிமேல் சொல்லமாட்டேன். ரிப்பேர் பண்ணு.

அதற்காக உன்னை விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. நான் அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன். ஆனாலும் என் கல்யாணத்தில் எங்கள் வீட்டுச் சீரைப் பார்த்துவிட்டு நீ சொன்னது காதிலேயே இருக்கிறது. "பித்தளைக் கொடம்னாங்க, தூக்கிப் பாத்தா தகரம் மாரி கீது." எனக்கு அப்போது பத்தொன்பது வயது. மணையில் உட்கார்ந்திருந்தேன். நீ மீசை முளைக்காத பையன். அந்தக் குடத்தில்தான் இன்றைக்கும் தண்ணீர் பிடிக்கிறேன். ஒரு நசுங்கல் கிடையாது.

உன் அண்ணன் பதினேழு வயதிலிருந்து உழைத்தவர். வலது கை போன பிறகு யார் வீட்டு விசேஷத்திலும் பந்தியில் உட்காரவில்லை. இடது கையால் சாப்பிடுவதை ஜனம் பார்க்கும் என்று பட்டினியாய்த் திரும்பி வருவார். வீட்டிலும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் சாப்பிட்டார். இருபத்தோரு வருஷம் நான் அந்த முதுகுக்குத்தான் சோறு போட்டேன்.

மணிக்கு இரண்டு கையும் நன்றாக இருக்கின்றன. அப்படியே இருக்க வேண்டும். வண்டியை நீ சரி பண்ணு. ஸ்டார்ட் பண்ணுகிற பேச்சு மட்டும் எடுக்காதே.

கங்கம்மா


கடம்பத்தூர்
30-8-2024

அண்ணிக்கு,

பித்தளைக் குடத்துக்கு மன்னிப்புக் கேட்கிறேன். அப்போது எனக்குப் பதிமூன்று வயது. யாரோ பெரியவர்கள் பேசியதைக் கேட்டு அப்படியே சொல்லிவிட்டேன்.

பிஸ்டன் விட்டுக்கொடுத்துவிட்டது. டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றி ஆறு நாள் ஊறவைத்தேன். ஏழாம் நாள் மரக்கட்டையை வைத்துத் தட்டினால் அரை விரல் இறங்கியது. டீசல் டாங்குக்குள் ஜல்லியைப் போட்டு மணி ஒரு நாள் முழுக்கக் குலுக்கினான், துரு சேறாய் வந்தது. இந்த அளவில் பிஸ்டன் ரிங் இப்போது யாரும் செய்வதில்லை. பொதட்டூர்பேட்டையில் ஒரு பழைய பம்புசெட்டுக் கடையில் தூசிக்கு அடியில் ஒரு செட் கிடைத்தது. முன் சக்கரத்துக்கு ஆட்டோ டயர் பொருந்துகிறது.

இனி ஸ்டார்ட் பண்ணுகிற பேச்சை எடுத்துத்தான் ஆக வேண்டும். நீங்கள் கோபப்பட்டாலும் சரி.

அந்த ஹேண்டில் வேலை செய்கிற விதத்தைச் சொல்கிறேன். இன்ஜினின் தண்டில் குறுக்காக இரும்பு ஆணிபோல் ஒரு பின் இருக்கும். ஹேண்டிலின் வாயை அதில் மாட்டிச் சுற்றுவோம். வாயில் பள்ளம் சாய்வாக வெட்டியிருக்கும். இன்ஜின் பிடித்த நொடியில் அந்தச் சாய்வு ஹேண்டிலை வெளியே தள்ளிவிடும், கையோடு கழன்று வந்துவிடும். வரவில்லை என்றால் இன்ஜின் வேகத்துக்கு ஹேண்டிலும் சுற்றும். எதிரில் இருக்கிற கையை விடாது. அண்ணனுக்கு நடந்தது அதுதான்.

ஏன் கழலவில்லை என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அதற்கு மூன்று நாள் முன்புதான் பழைய பின் தேய்ந்துவிட்டது என்று புதிதாய் ஒன்று அடித்து மாட்டினேன். நூல் அளவு தடிமன் கூடுதல். சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். அது ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். இருபத்தேழு வருஷமாக அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். என்னை வீட்டை விட்டுப் போகச் சொன்னபோது நான் ஏன் ஒரு வார்த்தை பேசவில்லை என்று இப்போது புரிந்திருக்கும்.

ஆனால் அண்ணன் செத்த அன்றைக்கு வாய்க்கரிசி போட விடாமல் என்னை ரோட்டிலேயே நிறுத்தினீர்களே, அதற்கு மட்டும் எனக்கு மனம் ஆறவில்லை. தப்புப் பண்ணினவனுக்கும் அண்ணன் அண்ணன்தான்.

அதன் பிறகு ஹேண்டிலின் வாயை நான் பார்த்ததே இல்லை. அன்று கல்லால் தட்டிக் கழற்றிய உடனே என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டீர்கள். இப்போது எடுத்துப் பாருங்கள். பள்ளம் தேய்ந்திருக்கிறதா, விளிம்பு எங்காவது உள்பக்கம் மடங்கியிருக்கிறதா என்று எழுதுங்கள். அது தெரியாமல் அடுத்த வேலை செய்ய முடியாது.

சின்னதுரை


ஆரம்பாக்கம்
5-9-2024

சின்னதுரைக்கு,

கடிதத்தை இளமதியிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னேன். எனக்குக் கண் தெரியவில்லை என்பதற்காக இல்லை. இன்னொருத்தர் வாயால் கேட்க வேண்டும் என்றிருந்தது. "புதிதாய் ஒன்று அடித்து மாட்டினேன்" என்ற இடத்தை மூன்று தடவை படிக்கச் சொன்னேன். "போதும் அத்தே" என்று எழுந்து போய்விட்டாள். அவளுக்கு என்ன தெரியும்.

அந்த நாளை நீ ஏதோ பொதுவாக எழுதியிருக்கிறாய். நான் சொல்கிறேன் கேள். 1997, ஆகஸ்ட் பதினைந்து. ஆடி மாசத்துக் கடைசி வெள்ளி. ஸ்கூலில் கொடி ஏற்றி ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்கள், மணி தின்னாமல் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான். உன் அண்ணன் ஷிப்டு மாற்றிக்கொண்டு வீட்டில் இருந்தார். அம்மனுக்கு நேர்ந்த கிடாவை அன்று காலையில்தான் ஓட்டி வந்தார்கள். கறுப்புக் கிடா, நெற்றியில் வெள்ளை. புது இடம் என்று மிரண்டு இழுத்தது. தரை காய்ந்து கல்லாய்க் கிடந்தது. நான்தான் தனியாளாய் இரும்பு முளையை அடித்து அதைக் கட்டினேன். நீ வேப்ப மரத்தடியில் பீடி பிடித்துக்கொண்டு நின்றாய். கூழ் ஊற்றுவதற்குள் இரண்டு சால் ஓட்டிவிட்டு வருகிறேன் என்று அவர் கொட்டகைக்குப் போனார். சுற்ற வேண்டியது நீ. "நீ சுத்து" என்றார். "நீயே சுத்துண்ணா, கை வலிக்குது" என்றாய். மறந்திருப்பாய். எனக்கு அந்தக் குரல்கூட அப்படியே இருக்கிறது.

அவர் போட்ட சத்தத்தில் கிடா கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. மணி மிட்டாயைக் கீழே போட்டான்.

பின்னைப் போட்டது நீ, சுற்றாமல் நின்றதும் நீ. இப்போது உன் கையெழுத்திலேயே வந்துவிட்டது. வாய்க்கரிசி போட விட்டிருந்தால் அன்றைக்கு நான் மனுஷியே இல்லை.

ஹேண்டில் பெட்டியில் இருக்கிறது. என் கூறைப் புடவைக்கு அடியில், அவர் வேட்டித் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். இதுவரைக்கும் பிரித்துப் பார்த்ததில்லை. பார்த்து எழுதுகிறேன்.

கங்கம்மா


கடம்பத்தூர்
12-9-2024

அண்ணிக்கு,

"நீயே சுத்துண்ணா" என்று சொன்னேன். மறக்கவில்லை. கை வலிக்கவும் இல்லை. பீடி பாதி இருந்தது, அவ்வளவுதான்.

இன்ஜினை மூடிவிட்டேன். கையால் இன்ஜின் சக்கரத்தைத் தள்ளினால் மூச்சு விடுவதுபோல் காற்றைப் பிடித்து விடுகிறது. மணி ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பெயிண்டைச் சுரண்டுகிறான். அடியில் பழைய பச்சை தெரிகிறது. அண்ணன் மாதிரியே ஸ்பானரை வாயில் கவ்விக்கொண்டு வேலை செய்கிறான்.

ஹேண்டிலைப் பார்த்தீர்களா? பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

சின்னதுரை


ஆரம்பாக்கம்
17-9-2024

சின்னதுரைக்கு,

பார்த்தேன். வாய் நன்றாகத்தான் இருக்கிறது. ஒன்றும் இல்லை.

கங்கம்மா


கடம்பத்தூர்
22-9-2024

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்தது. இவ்வளவு சின்னதாய் நீங்கள் எழுதியதே இல்லை. உடம்பு சரியில்லையா? கண்ணில் மருந்து விட்டுக்கொள்கிறீர்களா?

ஹேண்டிலில் குறை இல்லை என்றால் குறை என் பின்னில்தான். மனத்தின் ஒரு மூலையில், ஒருவேளை வேறு ஏதாவதாக இருக்கும் என்று இருந்த ஆசையும் போயிற்று. பரவாயில்லை. பழைய பின்னை வெட்டி எறிந்துவிட்டு, சரியான அளவில் புதிதாய்க் கடைந்து மாட்டிவிட்டேன். மூன்று தடவை அளந்து பார்த்தேன்.

அக்டோபர் ஆறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்டார்ட் பண்ணலாம் என்று முடிவு பண்ணியிருக்கிறோம். நான் சுற்றுகிறேன் என்றேன். மணி கேட்கவில்லை. "அப்பா கை போன வண்டி, நான்தான் சுத்துவேன்" என்று காகிதத்தில் எழுதிக் காட்டினான். ஹேண்டிலைக் கொடுத்தனுப்புங்கள்.

சின்னதுரை


ஆரம்பாக்கம்
26-9-2024

சின்னதுரைக்கு,

அவனைச் சுற்ற விடாதே. நீ சுற்று. அன்றைக்குச் சுற்றாததற்கு இன்றைக்குச் சுற்று.

இந்த ஹேண்டில் வேண்டாம். பழசு, துரு ஏறியது, அவருடைய ரத்தம் பட்டது. லேத்துப் பட்டறையில் புதிதாய் ஒன்று செய்யச் சொல். இரண்டு கடைக்கு ஒரு லேத்து இருக்கிற ஊரில் இது ஒரு வேலையா? ஏன் எதற்கு என்று கேட்காதே. இதை நான் கொடுக்கமாட்டேன், அவ்வளவுதான்.

தேதியையும் தள்ளிப் போடு. புரட்டாசியில் எந்தக் காரியமும் ஆரம்பிக்கக் கூடாது.

கங்கம்மா


கடம்பத்தூர்
1-10-2024

அண்ணிக்கு,

புரட்டாசியைத் தள்ளிப் போட்டால் ஐப்பசி மழை தள்ளிப் போகுமா? மணி இப்போதே வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

லேத்தில் சொல்லியிருக்கிறேன். ஆனால் உண்மையைச் சொன்னால், கடைந்து ஒட்டியது அச்சில் அடித்து வார்த்ததற்கு ஈடாகாது. பழைய ஹேண்டிலின் சாய்வு அளவு எடுத்து வெட்டிய சாய்வு. வாய் நன்றாக இருக்கிறது என்று நீங்கள் எழுதியதை நம்பித்தான் பின்னை அதற்கு ஏற்றபடி கடைந்தேன். என்மேல் ஆயிரம் கோபம் இருந்தாலும் நீங்கள் பொய் எழுதமாட்டீர்கள். அண்ணன் அடிக்கடி சொல்வார், "அவ திட்டுவா, பொய் மட்டும் பேசமாட்டா" என்று.

ரத்தம் பட்டது என்று நீங்கள் வருத்தப்படுவது புரிகிறது. மணியிடம் சொன்னேன், அம்மாவை வற்புறுத்தாதே என்று. அவன் தலையை ஆட்டினான். கேட்டுக்கொண்ட மாதிரித் தெரியவில்லை.

சின்னதுரை


ரயிலில்
6-10-2024, ஞாயிறு காலை

சின்னதுரை,

கண் டாக்டர் சீட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். வண்டி ஆடுகிறது. நான் வந்து சேரும்போது இதை உன் கையில் கொடுப்பேன். உனக்குக் கேட்காது, நானும் பேசமாட்டேன், அதனால் எழுத்தாகவே இருக்கட்டும்.

குளித்துவிட்டு வந்தேன், பெட்டி திறந்து கிடந்தது. கூறைப் புடவையை ஒழுங்காய் மடித்து வைத்திருக்கிறான். ஹேண்டில் இல்லை. ஆறு மணி வண்டிக்கே போய்விட்டான் என்று இளமதி சொன்னாள். பத்துத் தடவை போன் போட்டாள், அணைத்து வைத்திருக்கிறான். நான் தடுப்பேன் என்று தெரிந்துதான் அணைத்திருக்கிறான்.

ஹேண்டிலின் வாய் நன்றாக இல்லை. நான் எழுதியது பொய்.

ஒரு பக்கத்து விளிம்பு அடிபட்டு உள்ளே மடங்கியிருக்கிறது. கட்டை விரலை விட்டால் கீறுகிறது. பெட்டியிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பார்த்த உடனே தெரிந்துவிட்டது, யார் அடித்தது என்று.

நான். அந்தக் கிடாவுக்கு முளை அடித்தது எதால் என்று நீ கேட்கவே இல்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. சுத்தியல் கிடைக்கவில்லை. கிடா இழுக்கிறது. கொட்டகைத் தூணில் சாய்த்து வைத்திருந்த ஹேண்டில்தான் கைக்குக் கிடைத்தது. அதைத் தலைகீழாய்ப் பிடித்து, வாய்ப்பக்கத்தால் அந்த இரும்பு முளையை அடித்தேன். ஏழெட்டு அடி. பிறகு அவர் உள்ளே இருந்து "ஹேண்டில் எங்கடீ" என்றார். நானே கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன்.

கிடாவின் நெற்றி வெள்ளைகூட ஞாபகம் இருக்கிறது எனக்கு. இது இல்லை. இருபத்தேழு வருஷமாய் இது மட்டும் இல்லை.

பேஸின் பிரிட்ஜில் இறங்கி மாறிவிட்டேன். இப்போது ஆவடி. இன்னும் எத்தனை ஸ்டேஷன் என்று பக்கத்தில் இருக்கிற பெண்ணைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அவள், "ஆயா, வண்டி ஓடுற வேகத்துல தானே ஓடும்" என்கிறாள்.

சின்னதுரை, அவன் அதைத் தொட்டிருந்தால், இதைப் படிப்பதற்குள்


கடம்பத்தூர்
9-10-2024

அண்ணிக்கு,

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை மணி அவன் பார்த்தபடி உங்களிடம் சொல்லியிருப்பான். நான் பார்த்ததை எழுதுகிறேன்.

அவன் எட்டரை மணிக்கு வந்தான். பையிலிருந்து ஹேண்டிலை எடுத்து நீட்டினான். என் கட்டை விரல் தானாக அதன் வாய்க்குள் போனது. நாற்பது வருஷப் பழக்கம், கண்ணை விட விரல் முந்திக்கொள்ளும். விளிம்பு மடங்கியிருப்பது உடனே தெரிந்தது. தேய்மானம் இல்லை அது, நான் அன்று கல்லால் தட்டிய இடமும் இல்லை. இரும்பால் இரும்பை அடித்த தடம். உங்கள் செப்டம்பர் ஐந்தாம் தேதிக் கடிதம் மேசை டிராயரில்தான் இருந்தது. முளை அடித்தேன் என்று நீங்கள் எழுதிய வரியை எடுத்துப் படித்தேன். ஹேண்டிலைச் சாக்குக்கு அடியில் போட்டுவிட்டு, "இதுல விரிசல் கீது, லேத்துலருந்து புதுசு வரும், பொறு" என்று அவனிடம் சொன்னேன்.

நீங்கள் வந்தபோது மணி டிராக்டருக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தான். பின்னுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான், வேறொன்றும் இல்லை. உங்களுக்கு அது எப்படித் தோன்றியிருக்கும் என்று பிறகுதான் நினைத்துப் பார்த்தேன். அவன் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தீர்கள், அவனுக்கும் டிராக்டருக்கும் நடுவில் நின்றீர்கள், காகிதத்தை என்னிடம் நீட்டினீர்கள். நான் படித்து முடித்ததும் மணி, "இன்னா சித்தப்பா எழுதிக்கீது" என்று சைகையில் கேட்டான். "கிட்டப் போவாதேன்னு எழுதிக்கீது" என்றேன். அது பொய் இல்லை.

பகல் பன்னிரண்டுக்கு லேத்து ஹேண்டில் வந்தது. நான்தான் சுற்றினேன். நாலாவது சுற்றில் கையோடு கழன்று வந்தது. எனக்கு இன்ஜின் சத்தம் கேட்காது. பாதத்தில் தரை அதிர்ந்தது, அவ்வளவுதான். சத்தம் எப்படி என்று உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை. செவ்வாய்க்கிழமை வந்தது. சோறு வைத்துவிட்டுச் சாப்பிட முடியாமல் உட்கார்ந்திருந்தேன். நான் போட்ட பின்தான் காரணம் என்று நினைத்து நான் இழந்ததை எல்லாம் ஒவ்வொன்றாக நினைத்தேன். ஆனால் அந்த இருபத்தேழு வருஷத்துக்குக் கோபம் இல்லை அண்ணி. கிடாவைக் கட்ட நீங்கள் தெரியாமல் செய்தது அது. சுற்ற மறுத்தவன் நான். இரண்டையும் சேர்த்தால்தான் அன்றைய நாள்.

என் கோபம் பத்தொன்பது நாளுக்கு. செப்டம்பர் பதினேழாம் தேதி தெரிந்துகொண்டு, ஒன்றும் இல்லை என்று எழுதினீர்கள். நான் அதை நம்பிப் பின்னைக் கடைந்தேன். உங்கள் மகன் கை அந்த ஒரு வரியை நம்பி இருந்தது. இதை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை.

மணியிடம் நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். பழைய ஹேண்டில் இங்கேதான் இருக்கிறது. என்ன செய்யட்டும்?

சின்னதுரை


ஆரம்பாக்கம்
20-10-2024

சின்னதுரைக்கு, கங்கம்மா எழுதுவது.

நிலத்தை உழுதாயிற்று. ஐந்தடிப் பாதையில் இரண்டு பக்கமும் ஒரு சாண் மிச்சம் விட்டு டிராக்டர் உள்ளே போனது. கம்பெனிச் சுவருக்கு மேலே ஏறி நின்று வேலைக்காரப் பையன்கள் பார்த்தார்கள். ஒருத்தன், "ஆயா, பொம்மை டிராக்டரா" என்று கேட்டான். உங்கப்பன் வயசுடா அதுக்கு என்றேன். உழுது முடித்த மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. கத்தரி நாற்று வாங்க மணி போயிருக்கிறான். இப்போதெல்லாம் மில் சட்டையைப் போடுவதில்லை.

நீ சொல்லமாட்டேன் என்று எழுதினாய். அது எனக்கு வேண்டாம். நானே சொல்லிவிட்டேன், இளமதியையும் கூட உட்கார வைத்து. முளை, ஹேண்டில், நான் எழுதிய பொய், எல்லாம். மணி எழுந்து வயலுக்குப் போனான். சாயங்காலம் திரும்பி வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டான். "அப்பாவுக்குத் தெரியுமா?" எனக்கே தெரியாதுடா என்றேன். அப்புறம் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள், "கொழம்புல உப்பு கம்மி" என்றான். உப்பு சரியாகத்தான் இருந்தது.

பத்தொன்பது நாள் என்று எழுதினாயே, அது சரி. உன் கடிதத்தில் உன் தப்பைப் பார்த்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அதைக் கையை விட்டு விட மனசு வரவில்லை. வேறு காரணம் எதுவும் கிடையாது. அந்தக் கோபத்தை நீ வைத்துக்கொள். நான் இருபத்தேழு வருஷம் வைத்திருந்தேன், நீ எத்தனை வருஷம் வைத்திருக்கிறாய் என்று பார்க்கலாம்.

என் பழைய கடிதங்களைக் கிழித்துப் போடாதே. எழுதினது எழுதினதுதான். இதையும் அவற்றோடு சேர்த்து வை.

உன் அண்ணனுக்குக் கார்த்திகை அமாவாசையில் திதி. வா. ரோட்டில் நிற்காதே, நேரே உள்ளே வந்து உட்கார். முதல் பிண்டம் மணி வைப்பான், அடுத்தது நீ வை. வரும்போது அந்த ஹேண்டிலைக் கொண்டு வா. அதை இனிமேல் பெட்டியில் வைக்கமாட்டேன். டிராக்டர் பக்கத்திலேயே எல்லார் கண்ணிலும் படும்படி தூணில் மாட்டி வைக்கப் போகிறேன்.

பித்தளைக் குடத்துக்கு நீ கேட்ட மன்னிப்பை இன்னும் கொடுக்கவில்லை. அது தனி.

நீ வந்தால் வாய் திறந்து பேசுவேன். உனக்குக் கேட்காது என்று தெரியும். பேசுவேன்.

கங்கம்மா